ஒரு மணிச் செய்தியில் அரை செகண்டு

"என்னது... கழுத்த அறுத்துடுவேங்கறியா?"

மழைக்குப் பயந்து சலவைக் கடைக்குள் ஓடி வந்தவள், உள்ளே காலை வைத்ததும் கேட்ட கேள்வி இது. கேட்டதில் தப்பே இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் நீராவி இஸ்திரியும் கையுமாக நின்ற பெண் அவளைப் பார்த்தாள், கண்ணை அகல விரித்தாள், இஸ்திரியை டக்கென்று நிமிர்த்தி வைத்தாள். பிறகு இரண்டு விரலை மோவாய்க்குக் கீழே வைத்துத் தொண்டைக்குழி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினாள். முன்பின் தெரியாத ஒருத்தி இப்படிச் செய்தால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது?

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கதவோரம் குடையை உதறிக்கொண்டு ஒருவன் நின்றான். இன்னொரு கையில் சாப்பாட்டு டப்பா.

"அறுக்கறது இல்லீங்க, முழுங்கறது. அது உங்க பேரு."

"எது என் பேரு?"

"அதான்... அந்த ரெண்டு விரல்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நனைந்த தலை, கையில் நனைந்த பை, அதற்குள் கசங்கிய நீலக் கோட்டு. இந்த லட்சணத்தில் நிற்கும்போது ஒருவன் சிரித்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் முகத்தில் எதையும் காட்டவில்லை. காட்டாமல் இருப்பதுதானே அவள் பிழைப்பே!

ஒரு தொலைக்காட்சியில் பகல் ஒரு மணிச் செய்தி வாசிப்பவள் அவள். உள்நாடு ஆறு நிமிஷம், உலகம் ஐந்து, விளையாட்டு மூன்று, சினிமா இரண்டு. தீப்பிடித்த கிடங்கிலிருந்து தேர்தலுக்கு, தேர்தலிலிருந்து பூகம்பத்துக்கு, பூகம்பத்திலிருந்து கால்பந்துக்கு, கால்பந்திலிருந்து நடிகையின் கல்யாணத்துக்கு... எதற்கும் ஒரே முகம், ஒரே குரல். செய்திப் பிரிவில் அவளுக்கு 'ஐஸ்' என்று பட்டப்பெயர். கேலியாக வைத்தவர்கள்தான் அதிகம். அவளோ அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

கவுன்ட்டர் பெண்ணின் கைகள் காற்றில் மடமடவென்று ஓடின. ஓடி முடிந்ததும் அந்த ஆள் வாயைத் திறந்தான்.

"அக்கா! நான் தினமும் உங்க நியூஸ் பாப்பேன். எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும்."

"யாரு யாருக்கு அக்கா?" அவள் திரும்பி முறைத்தாள். "உங்களுக்கு என்னை விட நாலு வயசு கூட இருக்கும் போலருக்கே!"

"ஐயோ, நான் சொல்லலீங்க! என் தங்கச்சி சொல்றா. அவளுக்குக் காது கேக்காது. அவ கையால பேசறத நான் வாயால சொல்றேன். அவ 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அதான் முறை."

"ஓ..."

"அப்புறம்... என்னைப் பாக்காதீங்க. அவளப் பாத்துப் பேசுங்க. பேசறது அவதானே?"

சொன்னானே தவிர, அவன் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். சாதாரணமாக ஒரு மனுஷன் இன்னொருத்தர் முகத்தைப் பார்த்தால் இரண்டு நொடியில் பார்வை நழுவிப்போகும். இவன் பார்வை நழுவவே இல்லை. மழைத்தண்ணீர் சொட்டும் இமைக்குக் கீழே கறுகறுவென்று இரண்டு கண்... அது பாட்டுக்கு நிதானமாக அவள் முகத்தில் உட்கார்ந்திருந்தது. கையால் பேசுகிற வீட்டில் வளர்ந்தவன் அல்லவா! அங்கே கண்ணை எடுத்தால் பேச்சே அறுந்துபோகும். இதெல்லாம் அவளுக்கு அப்போது தெரியாது. என்ன இந்த ஆள் இப்படிப் பார்க்கிறான் என்றுதான் தோன்றியது. கூடவே, பார்க்கட்டுமே என்றும் தோன்றித் தொலைத்தது.

"நாம ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் வேலை பாக்கறோம் மேடம். நீங்க செய்தி வாசிக்கறப்ப திரையில வலது பக்கம், கீழ ஒரு சின்னப் பெட்டி வருமே... அதுல கை ஆட்டறவன் நான்தான்."

"பெட்டியா? நீங்கதானா பெட்டி?"

அலுவலகத்தில் எல்லாரும் அவனை அப்படித்தான் சொல்வார்கள். 'பெட்டி வந்தாச்சா?', 'பெட்டிக்கு லைட் போடு.' நடைபாதையின் அந்தக் கோடியில் ஒரு குட்டி அறை, கறுப்புச் சட்டை, காதில் ஹெட்போன், எதிரில் ஒரு கேமரா. செய்திக்குச் சற்று முன்னால் வருவான், முடிந்ததும் போய்விடுவான். அவள் அந்த நேரத்தில் மேக்கப் நாற்காலியில் இருப்பாள். தான் வாசித்த செய்தியைத் தானே பார்ப்பதில்லை என்பது வேறு அவளுடைய கொள்கை. இரண்டு வருஷம் ஒரே திரையில் இருந்துவிட்டு இருவரும் முதல் தடவையாகச் சலவைக் கடையில் சந்தித்துக்கொண்டார்கள்!

"ரெண்டு வருஷமா உங்க குரல் என் காதுக்குள்ளதான் இருக்கு," என்றான் அவன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. காது மடல் சிவந்துபோய், சாப்பாட்டு டப்பாவைக் கவுன்ட்டரில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினான்.

தங்கச்சி கவுன்ட்டரைத் தட்டிக் கவனத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் கை பேசியது, இவன் வாய் சொன்னது.

"கெட்ட செய்தி ஒண்ணு முடிஞ்சா நீங்க ஒரு தடவ முழுங்குவீங்கக்கா. அப்புறம்தான் அடுத்த செய்தி. வேற எந்தச் சேனல்லயும் யாரும் முழுங்கறதில்ல. அதனால எங்க ஆளுங்க உங்களுக்கு அந்தப் பேர வெச்சுட்டாங்க. ஊர்ல காது கேக்காத எல்லாருக்கும் உங்கள இந்தப் பேர்லதான் தெரியும்."

"நான் முழுங்கறதில்ல," என்றாள் அவள் விறைப்பாக.

தங்கச்சி சுவரில் மாட்டியிருந்த டிவியைக் கண்ணால் காட்டினாள். அன்றைய ஒரு மணிச் செய்தி சத்தமில்லாமல் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கிடங்குத் தீ. திரைக்குள்ளிருந்த அவள் கடைசி வரியை வாசித்தாள். உதடு மூடியது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. கீழே பெட்டிக்குள் அவன் கைகள் மார்போடு சேர்ந்து அசையாமல் நின்றன. அப்புறம்தான் தேர்தல் வந்தது.

அரை செகண்டு. அவ்வளவுதான். ஆனால் சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது ஒன்றுதான் தெரிந்தது. அவளுக்கு நடுரோட்டில் மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. கோட்டைக் கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டு, மழை விடுவதற்குள்ளேயே கிளம்பிவிட்டாள்.

கிளம்பியவள் அத்தோடு விட்டாளா? அதுதான் இல்லை! அடுத்த செவ்வாய்க்கிழமை சாம்பல் கோட்டு வந்தது. வியாழக்கிழமை பச்சைக் கோட்டு வந்தது. அதற்கடுத்த வாரம் வந்த வெள்ளைக் கோட்டைத் தங்கச்சி விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அண்ணனிடம் என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றா?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். "இதுல அழுக்கே இல்லையேக்கா... எதைத் தொவைக்கறது?"

"அது... கண்ணுக்குத் தெரியாத தூசி இருக்கும்."

"அவகிட்ட அப்படியே சொல்லட்டுமா?"

"சொல்ல வேண்டாம்!"

"நீங்க சொன்னா நான் சொல்லியே ஆகணும் மேடம்." சொல்லியே விட்டான். தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

நாலு வாரம் இப்படிப் போயிற்று. தினமும் இரண்டு மணிக்குத் தங்கச்சிக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கு அவனுக்கு, கோட்டுச் சாக்கு இவளுக்கு. அவனுடைய அம்மா அப்பா இருவருக்கும்கூடக் காது கேட்காது, அவன் பிறந்த பிறகு வீட்டில் பேச்சுச் சத்தத்துக்காகவே ஒரு ரேடியோ வாங்கினார்கள், செய்தி கேட்டுக் கேட்டுத்தான் அவன் பேசவே கற்றுக்கொண்டான் என்பதெல்லாம் தெரிந்தது. 'வணக்கம்', 'மழை', 'போதும்', 'சும்மா இரு' என்று நாலைந்து சைகையும் அவளுக்குப் பிடிபட்டது. 'சும்மா இரு'வைத்தான் அவனிடம் அதிகம் பயன்படுத்தினாள். வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று அதைப் பழகியும் பார்த்தாள். இது என்ன கூத்து என்று தன்னையே ஒரு தடவை கேட்டுக்கொண்டாள்... பதிலைத் தள்ளிப்போட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஏழு மணிச் செய்தியில் ஓர் இடம் காலியாயிற்று.

ஒரு மணிச் செய்தியை யார் பார்க்கிறார்கள்? கடைக்காரர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் முறை வருவதற்குக் காத்திருப்பவர்கள். ஏழு மணிச் செய்தி அப்படியில்லை, ஊரே உட்கார்ந்து பார்க்கும். அவளுக்கு அது மூன்று வருஷக் கனவு. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அப்பா ஒரு மணிக்கு ஏதாவதொரு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருப்பார். மகள் செய்தி வாசிப்பதை அவர் ஒரு தடவைகூட நேராகப் பார்த்ததில்லை. "ஏழு மணிக்கு எப்பம்மா வருவ?" என்று மாசத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். கேட்டுவிட்டு, "சும்மா கேட்டேன்," என்பார்.

செய்தி ஆசிரியர் அவளைக் கூப்பிட்டார். எதையும் செகண்டில் அளக்கிற மனிதர், அதனால் 'செகண்டு' என்றே பெயர். பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டார்.

"நல்லாத்தான் வாசிக்கற. ஏழு மணிக்கு உன் பேரத்தான் நான் சொல்லிருக்கேன். ஆனா இங்க பாரு... இங்க... இங்க. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு முழுங்கல்! ரெண்டு வருஷமா எனக்கே தெரியலம்மா. பெட்டியோட கை நிக்குது பாரு, அதான் காட்டிக் குடுக்குது. என்னடா கை நிக்குதேன்னு மேல பாத்தா, நீ முழுங்கற. இனிமே எனக்கு அது மட்டும்தான் தெரியும் போலருக்கு."

"அரை செகண்டுதானே சார்..."

"அரை செகண்டுல ஒருத்தன் சேனல மாத்திருவான். வெள்ளிக்கிழமை ஒரு மணிச் செய்திய நம்ம முதலாளி, பெரியவரே கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து பாக்கறாரு. முழுங்காத. பெட்டியும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவளுக்கு வந்த ஆத்திரம் முழுக்க அவன்மேல் திரும்பியது. நியாயமா என்றால் இல்லை. ஆனால் ஆத்திரத்துக்கு யாராவது ஒரு ஆள் வேண்டுமே. நேராக நடைபாதைக் கோடிக்குப் போய் அந்தக் குட்டி அறைக் கதவைத் தட்டினாள்.

"கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்னு சொன்னீங்களே... நான் வாசிக்காததை நீங்க ஏன் காட்டறீங்க?"

"எதைக் காட்டினேன்?"

"முழுங்கறதை! அது செய்தியில இருக்கா? பேப்பர்ல இருக்கா? உங்க கை நிக்கலன்னா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. உங்களாலதான் ஏழு மணி என் கைய விட்டுப் போகப் போகுது."

அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சொல்ல வந்ததை விட்டுவிட்டான்.

"நீங்க நின்னீங்க, நானும் நின்னேன். அவ்வளவுதான் மேடம்."

"வெள்ளிக்கிழமை நான் நிக்க மாட்டேன். நீங்களும் நிக்காதீங்க."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். வேலைன்னா வேலை. நிக்க மாட்டேன்."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். அன்று இரண்டு மணிக்குச் சலவைக் கடைக்குப் போனால் தங்கச்சி மட்டும்தான் இருந்தாள். அண்ணன் சாப்பாட்டை வைத்துவிட்டு அப்போதே போய்விட்டான் என்று ரசீதின் பின்னால் எழுதிக் காட்டினாள். அடுத்த நாளும் அப்படித்தான். தங்கச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரசீதை நீட்டினாள். பெரிய இவன் என்று அவள் மனசுக்குள் திட்டினாள். திட்டிக்கொண்டே, தெருக்கோடி வரைக்கும் குடைகளைப் பார்த்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது.

செகண்டு முன்னேற்பாடாக அவள் மேஜைக்கு எதிரே ஒரு புதுத் திரையை வைக்கச் சொல்லியிருந்தார். வழக்கமாக அவள் எதிரில் இருப்பது அவள் வாசிக்க வேண்டிய வரிகள் மட்டும்தான். பெட்டியெல்லாம் பிறகு கன்ட்ரோல் ரூமில் சேர்ப்பது. இன்று மட்டும் வீட்டுக்குப் போகிற முழுப் படமும் அவளுக்குத் தெரியும். "பெரியவர் என்ன பாக்கறாரோ அதையே நீயும் பாரு. தப்பு வராது," என்றார்.

வலது பக்கம் கீழே அவன். கறுப்புச் சட்டை. தலையை ஒழுங்காக வாரியிருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். முதல் ஆறு நிமிஷம் வைராக்கியம் ஜெயித்தது. பாலத் திறப்பு விழா, ஆசிரியர் நியமனம், மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து மூன்று பேர்... முழுங்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. காதுக்குள் செகண்டு, "சபாஷ்! அப்படியே போ," என்றார்.

உலகச் செய்தி. கடைசி வரி ஒரு படகைப் பற்றியது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவர்கள். நாற்பத்தொரு பேர். "இறந்தவர்களில் பதினொரு பேர் குழந்தைகள்," என்று வாசித்தாள். தொண்டைக்குள் அது வந்து நின்றது. அதை அப்படியே அழுத்திவிட்டு, ஒரு நூல் இடைவெளிகூட விடாமல் அடுத்ததற்குத் தாவினாள்.

"விளையாட்டுச் செய்திகள். கால்பந்து இறுதிப் போட்டியில் மூன்றுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில்..."

அப்போதுதான் கண் கீழே போனது.

ஒருவர் பேசுவதைக் கேட்டுக் கையால் சொல்பவன் எப்போதும் ஒரு வாக்கியம் பின்னால்தான் வருவான். கேட்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், பிறகுதான் கை எழும்பும். அவள் வாய் கோல் என்றபோது, பெட்டிக்குள் அவன் கைகள் இன்னும் கடலில் இருந்தன. படகாகக் குவிந்த இரண்டு கையும் சரிந்தன. உள்ளங்கை தரைப்பக்கமாகத் தாழ்ந்து, இவ்வளவு உயரக் குழந்தை, இவ்வளவு உயரக் குழந்தை என்று காட்டியது. அவள் குரலோ நிற்காமல் மூன்றாவது கோலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் நிற்கவில்லை. வாக்குக் கொடுத்தவன் அல்லவா... ஓடுகிற பஸ்ஸைப் பிடிப்பவன் மாதிரி அவசர அவசரமாகக் குழந்தைகளை முடித்துவிட்டு, அதே கையால் பந்தை உதைக்கப் போனான். அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

ஒவ்வொரு நாளும் அந்த அரை செகண்டில்தான் அவன் செத்தவர்களை ஒழுங்காக முடித்துவிட்டு வந்திருக்கிறான். அவளுக்கு அது இப்போதுதான் புரிந்தது.

அவள் நிறுத்திவிட்டாள்.

வாக்கியத்தின் நடுவில், கோலுக்கும் வெற்றிக்கும் இடையில். உதடு மூடியது. தொண்டை ஏறி இறங்கியது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பெட்டிக்குள் கைகள் அந்தரத்தில் நின்றன, பிறகு மெதுவாக மார்புக்கு வந்து சேர்ந்தன.

"போ! போ! என்ன பண்ற? போய்ட்டே இரு!" காதுக்குள் செகண்டு அலறினார். அவள் போகவில்லை. வீடுகளில் எத்தனை பேர் டிவி கெட்டுவிட்டது என்று பக்கவாட்டில் தட்டினார்களோ தெரியாது. பிறகு நிமிர்ந்து, விளையாட்டுச் செய்தியை முதல் வரியிலிருந்து வாசித்தாள். சினிமாவையும் வாசித்தாள். ஒரு நடிகையின் கல்யாணம், ஒரு புதுப்படத்தின் பூஜை. குரல் பிசகவே இல்லை.

"நாலு புள்ளி ரெண்டு செகண்டு," என்றார் செகண்டு, அவள் வெளியே வந்ததும். கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல். "பெரியவர் எழுந்து போய்ட்டாரு. ஏழு மணி உனக்கில்லம்மா." கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினார். "எனக்கும் அந்த இடத்துல தொண்டை அடைச்சுது. அது வேற விஷயம்."

மேக்கப் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதாள். நன்றாகவே அழுதாள். பெரிய தியாகம் செய்துவிட்ட பெருமையெல்லாம் ஒன்றும் இல்லை. மூன்று வருஷம் ஆசைப்பட்டது கை நழுவிப் போனால் வயிறு எரியாதா என்ன? அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். அவருக்குப் பின்னால் யாரோ டயரைத் தட்டும் சத்தம். பிறகு, "சரிம்மா... சாப்டியா?" என்றார். அதற்கு இன்னொரு பாட்டம் அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது மழை பிடித்திருந்தது. கால் எங்கே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. போய் நின்ற இடம் சலவைக் கடை.

அவன் இருந்தான். கவுன்ட்டரில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது. அண்ணனும் தங்கச்சியும் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் அவன் கை சட்டென்று இறங்கிவிட்டது.

"நான் நிக்கலீங்க," என்றான் முதல் வேலையாக. "சத்தியமா நிக்கல. நீங்கதான் நின்னீங்க."

"தெரியும்."

"ஏழு மணி...?"

"போச்சு."

அவன் முகம் சுருங்கியது. "என்னாலதான்."

"உங்களாலதான்," என்றாள் அவள். "ஒரு வாக்கியம் பின்னால வருவேன், அந்த இடைவெளி எனக்கு வேணும்னு ஏன் சொல்லல? அன்னிக்குக் கதவத் தட்டி அவ்வளவு கத்தினேனே... ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலையே. 'நிக்காதீங்க'ன்னீங்க. அதுவும் எப்படி... நான் என்னமோ உங்களப் போட்டுக் குடுத்த மாதிரி. எனக்கும் ரோஷம் இருக்காதா?"

"இருக்கும் இருக்கும்! அந்த ரோஷத்துல நாலு நாள் என் கண்ணுலயே படல. நான் இங்க வந்து வந்து..."

"வந்து?"

"...கோட்டு குடுத்துட்டுப் போனேன்."

தங்கச்சி கவுன்ட்டரை ஓங்கித் தட்டினாள். இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவள் கைகள் படபடவென்று பொரிந்தன. ஒரு விரல் அண்ணனைக் காட்டியது, அப்புறம் தலையைத் தட்டியது, அப்புறம் நெஞ்சில் போய் நின்றது. அண்ணன் சாப்பாட்டு டப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினான்.

"என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்ல."

"இவ்வளவு நேரம் ஒண்ணுமில்லாததையா சொன்னா? கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது... அது எனக்கு மட்டும்தானா?"

அவன் ஒரு தடவை தங்கச்சியைக் கெஞ்சலாகப் பார்த்தான். அவள் மசியவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக. அவனுக்கு வேறு வழியில்லை. கண்ணை மூட முடியாது, மூடினால் அவள் சொல்வது தெரியாது. தங்கச்சியின் கையைப் பார்த்தபடியே, அடிக்குரலில் சொல்லத் தொடங்கினான்.

"அக்கா... எங்க அண்ணன் ஒரு மடையன்."

"உம்."

"வீட்டுல ரெண்டு வருஷமா உங்க பேச்சுதான். இன்னிக்கு அவ இப்படி வாசிச்சா, இன்னிக்கு அவளுக்கு ஜலதோஷம், குரல் கம்மியிருந்துச்சு... எங்கம்மாவுக்கு உங்க குரல் எப்படி இருக்கும்னே தெரியாது. ஆனா அதுக்கு ஜலதோஷம்னா கவலப்படுவாங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விதிப்படி தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைன்னா வேலைன்னு சொல்லிட்டு வந்து நாலு நாளா சரியா சாப்பிடல. நீங்க குடுத்துட்டுப் போன கோட்ட அவனே இஸ்திரி போட்டான். ரெண்டு தடவ. அது ஏற்கெனவே இஸ்திரி போட்டதுதான்... எங்க அண்ணனுக்கு..." குரல் இடறியது. தங்கச்சி விரலைச் சொடுக்கி, சொல்லு என்று காட்டினாள். "எங்க அண்ணனுக்கு உங்க மேல காதல். அவனாச் சொல்லவே மாட்டான். அடுத்தவங்க சொல்றதச் சொல்லிச் சொல்லியே பழகிட்டான். அதான் நான் சொல்றேன். அவ்வளவுதான்க்கா."

கடைக்குள் நீராவி மெல்ல உஸ்ஸென்றது. அவன் தரையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து யார் முகத்திலிருந்தும் கண்ணை எடுக்காதவன், தரையில் என்னவோ புதையல் கிடப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தங்கச்சியிடமிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள்.

"இங்க பாருங்க. இது உங்ககிட்டச் சொல்றது. இத யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டாம்."

அவன் நிமிர்ந்தான். கறுகறுவென்ற அந்த இரண்டு கண்ணும் வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தன.

"ஏழு மணி போனதுக்கு இப்பதான் ஒரு மணி நேரம் அழுதுட்டு வர்றேன். இன்னிக்கு ராத்திரியும் அழுவேன். ஆனா நாளைக்கு ஒரு மணிக்கு அந்தக் கோடி ரூம்ல நீங்க இருப்பீங்க, என் குரல் உங்க காதுல இருக்கும்னு நினைச்சேன் பாருங்க... அப்ப அழுகை நின்னுடுச்சு. எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. தெனமும் ஒரு வாக்கியம் தள்ளியே வர்றீங்களே, இதுல மட்டுமாவது கூடவே வாங்க."

ஐஸ் என்று பெயரெடுத்தவளின் முகத்தில் அப்போது இருந்ததைச் செகண்டு பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். அவனுக்கு இருபது வருஷப் பழக்கம், கை இரண்டும் தானாகத் தங்கச்சி பக்கம் எழும்பின.

அவள் எட்டி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சூடான, ஓயாமல் பேசிப் பழகிய கைகள். அவள் பிடிக்குள் கொஞ்சம் திமிறின. பிறகு அடங்கி, அவள் விரல்களைத் திருப்பிப் பிடித்துக்கொண்டன.

தங்கச்சி கவுன்ட்டரைத் தட்டி, 'என்ன சொன்னா? என்ன சொன்னா?' என்று மூன்று தடவை கேட்டாள். பதில் சொல்ல அவனிடம் கை இல்லை.